பூனை என்று மட்டும் எழுதினேன்

போன மாதம் ரேஞ்ச் ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். திவ்யா என்று பெயர், புதிதாகச் சேர்ந்த ஃபாரஸ்ட் கார்டு. பழைய பீட் நோட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். நாங்கள் தினமும் காட்டைச் சுற்றி வந்து, பார்த்ததை எழுதி வைக்கும் நோட்டுகள் அவை. என் கையெழுத்தில் இருப்பதெல்லாம் அவள் தலையில் விழுந்திருக்கிறது.

"அக்கா, ஒரு சின்ன டவுட். ஆரம்பத்துல எல்லா நோட்லயும் பூனை ஒண்ணு, பூனை ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் ஒரு நாள்லேர்ந்து திடீர்னு காட்டுப்பூனை, காட்டுப்பூனைன்னு வருது. முன்னாடி இருந்ததெல்லாம் வீட்டுப் பூனைதானே? அப்படியே டைப் பண்ணிடட்டுமா?"

"டைப் பண்ணிப் பாரு, நேர்ல வந்து நிப்பேன்" என்றேன். பாவம், பயந்துவிட்டாள். அவள் மேல் என்ன தப்பு? அவள் கேட்ட கேள்வியை ஒரு காலத்தில் ஒருவராவது என்னிடம் கேட்டிருந்தால் எவ்வளவோ நடந்திருக்காது. போனில் அவளுக்குப் பாதிதான் சொன்னேன். முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ருக்மணி. வனத்துறையில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவள். சேலையூரில் இருக்கிறேன். நான் வேலை பார்த்த காடும் இந்தப் பக்கம்தான். எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு பாதி ஊர் அங்கே நிற்கும். கேம்ப் ரோட்டில் பஸ்காரன் ஹாரன் அடித்தால் நடுக்காட்டில் கேட்கும், அவ்வளவு பெரிய காடு. "இதெல்லாம் ஒரு காடா?" என்று என் மாமியார் வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அப்பா அதே காட்டில் வாட்ச்சர். பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு வேலை எனக்கு வந்தது. பயிற்சியில் யானை, புலி, தேக்கு, சந்தனம் என்று ஒரே பிரமாதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் என் பங்குக்குக் கிடைத்தது சூரைமுள்ளும் களாவும் ஈச்சம்புதரும், இரண்டு குட்டையும், கொஞ்சம் கீரி, மயில். அப்புறம் பூனை.

அது நாட்டுப் பூனையை விட உயரம். கால் நீளம், வால் குட்டை. வால் நுனியில் கறுப்பு வளையம். காது நுனியில் கொஞ்சம் கறுப்பு முடி நட்டுக்கொண்டு நிற்கும். உடம்பு காய்ந்த மண்ணின் நிறம். கண்ணெதிரே புல்லில் படுத்திருந்தாலும் எழுந்தால்தான் தெரியும்.

அப்பா காலத்து வாட்ச்சர்கள் அதைப் பூனை என்றுதான் சொல்வார்கள். காலனியிலிருந்து வந்து திரிவதற்குப் பெயர் "வூட்டாளு". காட்டில் நிற்பவனுக்குக் காட்டில் இருப்பதுதான் பூனை, மற்றதற்குத்தான் அடைமொழி வேண்டும். "இன்னிக்கு பூனை பாத்தேன், ரெண்டு வூட்டாளும் பாத்தேன்" என்பார் அப்பா. நான் அந்தப் பேச்சிலேயே வளர்ந்தவள். நோட்டில் "பூனை – 1" என்று எழுதுவேன். வூட்டாளை எழுதுவதே இல்லை, அதை எதற்கு எழுத வேண்டும்? இப்படிப் பன்னிரண்டு வருடம் எழுதினேன்.

வேலை என்றால் இதுதான். விடிந்ததும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். காட்டுப் பாதையில் எட்டு இடத்தில் சலித்த மண்ணைப் பரப்பி, துடைப்பத்தால் தடவிச் சமமாக்கி விடுவது. மறுநாள் காலை அந்த மண்ணில் என்ன கால் பதிந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பது. பூனைத் தடத்தில் நகம் விழாது, நாய்த் தடத்தில் விழும். வூட்டாளின் தடம் ஐம்பது பைசா அளவு என்றால் பூனையின் தடம் பழைய ஒரு ரூபாயை விடப் பெரிசு. அளந்து, எந்தத் திசையில் போயிருக்கிறது என்று குறித்து, மறுபடி மண்ணைத் தடவிவிட்டுக் கிளம்ப வேண்டும். வருடக்கணக்காகக் குனிந்து குனிந்து இடுப்பு போனதுதான் மிச்சம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது அந்தக் காலை நேரத்துக்காகவே வேலைக்குப் போனேன். ஈர மண் வாசனை, தூரத்தில் தாம்பரம் ரயில் சத்தம், குனிந்தால் புதுத் தடம். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அதற்கப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

என் கணக்குப்படி மொத்தம் ஐந்து பூனை. மூன்று கடுவன், இரண்டு பெட்டை. முன்பெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏரிக் கோரையில் இருந்த பூனைகளும் வந்து போகும். ரோட்டை அகலப்படுத்தி நடுவில் சுவர் வைத்த பிறகு வரவு நின்றுவிட்டது. கடக்கப் பார்த்தவை டயரில் போயின. ஐந்து பூனைக்கு அந்தக் காடு ஒரு தீவாகிப் போனது.

இதை என்னைப் போலவே தெரிந்து வைத்திருந்த இன்னொருத்தி அம்சா. கோவளத்திலிருந்து அன்னக்கூடையில் மீன் கொண்டுவந்து, காட்டு வேலி முடிகிற மூலையில் குடை கட்டி விற்பாள். செதிலும் குடலும் வேலிக்குள்ளே போகும். அதைத் தின்ன வருகிறவர்களை எல்லாம் அவளுக்கு முகம் தெரியும். "வூட்டாளு மீனைப் பாத்தா கத்தும் கார்டம்மா. உன் ஆளு கத்தாது. வெச்சுட்டு நான் அந்தாண்ட திரும்பினாதான் வரும். மானஸ்தன்" என்பாள்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ரேஞ்சராக வந்தவர் தணிகாசலம் சார். மலைப்பக்கத்திலிருந்து மாறுதலில் வந்தவர். சனிக்கிழமை தோறும் நோட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்து நிற்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நோட்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, கோர்ட்டில் சாட்சியம் படிப்பதைப் போல ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிப்பார். "சில முயல்கள்" என்று எழுதியிருந்தால் நிறுத்திவிடுவார். "சிலன்னா எத்தனை? ரெண்டா, இருபதா?" "மாலையில் என்று எழுதியிருக்கீங்க. மூணு மணியும் மாலைதான், ஆறும் மாலைதான். எப்ப?" குரல் உயராது. திட்ட மாட்டார். அதுதான் வேதனை, திட்டித் தொலைத்தாலும் பரவாயில்லை என்று இருக்கும். வெளியே வந்து அம்சாவிடம் புலம்புவேன். "பேஜார் புடிச்ச மனுசன்" என்று அவளும் சேர்ந்துகொள்வாள்.

அப்பேர்ப்பட்டவர் "பூனை ஒன்று" என்று வாரா வாரம் படித்தார். அதில் மட்டும் நிற்கவே இல்லை. ஊர் ஓரத்துக் காடு, நாலு வீட்டுப் பூனை வந்து போகிறது என்று நினைத்திருக்கிறார். எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. பூனை என்றால் பூனைதானே?

காலனியில் பூனை பெருகிவிட்டது என்று புகார் போய், கருத்தடை முகாம் ஒன்று ஏற்பாடானது. வேலியோரமாகக் கூண்டு வைத்துப் பிடிக்கப் போகிறோம், உங்கள் காட்டில் அந்தப் பக்கம் வன விலங்கு ஏதும் உண்டா என்று எங்கள் ஆபீசுக்குக் கடிதம் வந்தது. சார் என் நோட்டை எடுத்துப் பார்த்தார். வேலி மூலை, பூனை. வேலி மூலை, பூனை. அப்படியே பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். எனக்கு இது எதுவும் தெரியாது.

அன்றைக்குக் காலை ஒன்பதரை இருக்கும். நான் சுற்று முடித்து வேலி மூலைக்கு வருகிறேன். அம்சா தராசைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எங்க போய்ட்ட கார்டம்மா? உன் பூனைய வண்டில ஏத்திகினு போய்ட்டானுங்கோ!"

"எவன்? எந்தப் பூனைடி?"

"ஆஸ்பத்திரி வண்டி. பத்துப் பதினஞ்சு கூண்டு. வூட்டாளுங்கோ எல்லாம் கூண்டுல தொண்டை கிழிய கத்தினு கீது. ரெண்டு மட்டும் கம்முனு குந்தினு என்னையே பாக்குது. நான் சொன்னேன், யோவ் இது காட்டுதுய்யான்னு. மீன் விக்கிறவளுக்கு இன்னா தெரியும்னு போய்ட்டான்."

முகாம் காலனி சமுதாயக் கூடத்தில். காக்கிச் சட்டையோடு ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போனேன். உள்ளே கூண்டுகள் வரிசையாகத் துணி போட்டு மூடி இருந்தன. ஒரு மேஜையில் எடை போடுவது, அடுத்ததில் மயக்க ஊசி, அடுத்ததில் வயிற்று முடியை மழிப்பது, கடைசி மேஜையில் அறுவை. முடிந்ததும் இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டுவார்கள், இதற்கு ஆகிவிட்டது என்று தெரிவதற்கு. பிறகு நோய்த் தடுப்பு ஊசி. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அதைச் சொல்ல வேண்டும். டாக்டர் சின்ன வயசுக்காரர், கை அத்தனை சுத்தம்.

முடிந்தவற்றை வரிசையாகப் படுக்க வைத்திருந்த பாயில் மூன்றாவதாக அவள் கிடந்தாள். நீளக் கால், மண் நிறம். இடது காதில் முனை இல்லை.

அறுவை மேஜையில் இன்னொருத்தி. வயிறு மழித்து, மருந்து தடவி, டாக்டர் கையில் கத்தி.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். கூடத்தில் இருந்த அத்தனை பூனையும் அடங்கிவிட்டது.

டாக்டர் நிமிர்ந்தார். "மேடம், யார் நீங்க? வெளிய நில்லுங்க ப்ளீஸ், இது ஸ்டெரைல் ஏரியா."

"அது காட்டுப்பூனை. எங்க காட்டுப் பெட்டை. மொத்தமே ரெண்டுதான். ஒண்ணை முடிச்சிட்டீங்க."

"கால் நீளமா இருக்கேன்னு நானும் பாத்தேன். ஏதோ கிராஸ்னு நினைச்சேன். ஆனா உங்க டிபார்ட்மென்ட் லெட்டர் இருக்கே?" உதவியாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். "மேற்படி வேலிப் பகுதியில் பூனைகள் மட்டுமே காணப்படுவதாகக் களப் பதிவேட்டிலிருந்து தெரியவருகிறது." கீழே சார் கையெழுத்து.

களப் பதிவேடு என்றால் என் நோட்டு. என் எழுத்து. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே சாருக்குப் போன் போட்டேன்.

"சார், முகாம்ல நம்ம பூனையைப் பிடிச்சிட்டாங்க சார்."

"நோட்டுல என்ன எழுதியிருக்கீங்க?"

"பூனைன்னு சார்."

பிறகு அவர் கேட்டார். "எந்தப் பூனை, ருக்மணி?"

"காட்டுப்பூனை சார். பன்னெண்டு வருஷமா எழுதினது எல்லாமே காட்டுப்பூனை சார்."

"போனை டாக்டர்கிட்ட குடுங்க."

டாக்டர் தோளால் போனைக் காதோடு இடுக்கிக்கொண்டு கேட்டார். சார் குரல் எனக்கும் கேட்டது. "அந்த லெட்டர் தப்பு. கையெழுத்து என்னோடது. எழுத்துல ஒரு மணி நேரத்துல அனுப்பறேன். அது வரைக்கும் என் வார்த்தைய நம்பி கத்திய கீழ வைங்க." டாக்டர் கத்தியை வைத்துவிட்டார்.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. டாக்டர் நிதானமாகச் சொன்னார். "இதை அப்படியே கொண்டு போங்க மேடம். மயக்கத்துலதான இருக்கு, தடுப்பு ஊசி மட்டும் போட்டுடறேன். காலனிப் பூனைங்ககிட்டேர்ந்து நோய் வரும்."

"ஒண்ணும் போடாதீங்க! நீங்க போட்ட வரைக்கும் போதும்! இனிமே அது மேல கை படக் கூடாது!" என்று அவர் கையைத் தட்டிவிட்டேன். எனக்கு அப்போது அவர்தான் எதிரி. கோணியால் கூண்டை மூடி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து, மயக்கம் தெளிந்ததும் குட்டைக்கரையில் திறந்துவிட்டேன். மழித்த வயிறு வெளுத்துத் தெரிய, தள்ளாடிக்கொண்டே போனாள். காது வெட்டுப்பட்ட மற்றவளைத் தையல் ஆறும் வரை நான்கு நாள் வைத்திருந்து காட்டில் விட்டார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் புதருக்குள் பாய்ந்தாள்.

அந்தச் சனிக்கிழமை நோட்டோடு போய் நின்றேன். சார் திறக்கவில்லை.

"சிலன்னா எத்தனைன்னு கேட்டேன். பூனைன்னா எதுன்னு கேக்கலை. கேட்டிருக்கணும்."

"நான் எழுதியிருக்கணும் சார்."

"ரெண்டு பேரும்தான்" என்றார். மேலே இருந்து மெமோ வந்தபோது, களப் பணியாளர் மேல் தவறில்லை, வழக்குச் சொல்லைச் சரிபார்க்காதது என் தவறு என்று அவர் எழுதிக் கொடுத்ததாகப் பிறகுதான் கேள்விப்பட்டேன். பேஜார் புடிச்ச மனுசன் என்று சொன்ன வாயை என்ன செய்ய?

அன்றிலிருந்து முழுப் பெயரும் எழுதினேன். திவ்யா பார்த்தது அதைத்தான்.

அடுத்த வருடம் மாசியில், காது வெட்டுப்படாதவள் மூன்று குட்டியோடு வந்தாள். பாதையோர மரத்தில் கட்டி வைத்திருந்த கேமராவில் அந்தப் படத்தைப் பார்த்த அன்று அம்சாவிடம் போய் ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கினேன். "இன்னா கார்டம்மா, கல்யாணமா?" "பேறுகாலம்டி" என்றேன். இரண்டு பேரும் ரோட்டில் நின்று சிரித்தோம்.

சித்திரையில் காலனிப் பூனைகள் சாக ஆரம்பித்தன. முதலில் சரோஜா டீச்சர் வீட்டில். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், தனியாள், ஒன்பது பூனை வைத்திருந்தார். முகாமுக்குத் தரமாட்டேன் என்று பூட்டி வைத்திருந்தவர். வாந்தி, கழிச்சல், மூன்றே நாள். ஏழு போயிற்று. பிறகு காட்டுக்குள் ஒரு கடுவன் பாதை ஓரமாகக் கிடந்தது. நான்கு நாள் கழித்து இன்னொரு கடுவன். பிறகு குட்டைக்கரையில், தண்ணீரைத் தொட்டபடி ஒரு பெட்டை. அது யார் என்று பார்க்க நான் பக்கத்தில் போகவே இல்லை. பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டு காதும் முழுசாக இருந்தன.

முகாம் டாக்டரைத்தான் கூப்பிட்டோம். குனிந்து பார்த்தார், கையுறையைக் கழற்றினார். "அன்னைக்கே அந்த ஊசிய..." என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

நான் கெடுத்தவள் ஊசி புண்ணியத்தில் உயிரோடு இருந்தாள். நான் காப்பாற்றினேன் என்று மார்தட்டிக்கொண்டவள் என் வாய்த்துடுக்கால் செத்தாள். "பாரேன் ருக்மணி, உன் தப்புதான் ஒண்ணைக் காப்பாத்தியிருக்கு" என்று ஆபீசில் ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதல் இல்லை.

மிச்சம் மூன்று மாதக் குட்டிகள் மூன்று. தாய் பின்னால் போய் வேட்டை பழகிய வயசு, பிழைத்துக்கொள்ளும். ஆனால் நோய் தொற்றுவதற்கு முன் ஊசி போட வேண்டும். போடுவதற்குப் பிடிக்க வேண்டும். காட்டு விலங்கைப் பிடிக்க மேலிடத்து அனுமதி வேண்டும். சார் என் நோட்டையும் கேமராப் படங்களையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். காலையிலிருந்து சாயங்காலம் வரை மேலதிகாரியின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாராம். "கடிதம் வைச்சிட்டுப் போங்க" என்றதற்கு, "கடிதம் போய்ச் சேர்றதுக்குள்ள குட்டி செத்துடும், நான் இருக்கேன்" என்றிருக்கிறார். கையெழுத்தோடுதான் திரும்பினார்.

நான்கு கூண்டு வைத்தோம். எடுத்த எடுப்பில் கதவு விழ வைத்தால் ஒரு முறை தப்பியது மறுமுறை கிட்டேயே வராது. அதனால் ஐந்து நாள் கதவைக் கயிற்றால் தூக்கிக் கட்டிவிட்டு உள்ளே தீனி மட்டும் வைப்பது. அம்சா தினமும் காரப்பொடி மீன் தனியாக எடுத்து வைப்பாள். சரோஜா டீச்சர் மிச்சமிருந்த இரண்டு பூனையையும் வீட்டுக்குள் பூட்டிவிட்டு, பூனையை வெளியே விடாதீர்கள் என்று சொல்லக் காலனியில் வீடு வீடாக என்னோடு வந்தார். "நான் குடுக்க மாட்டேன்னு நின்னவ. ஏழு குழி வெட்டிட்டேன். நீங்களாவது கேளுங்க" என்று மட்டும் சொல்வார். ஜன்னல்கள் மூடின.

ஐந்து நாளும் மீனைத் தின்றது யார் என்றால் காது வெட்டுப்பட்டவள்! கதவு விழ ஆரம்பித்த பிறகும் அவள்தான் முதலில் மாட்டினாள். திறந்துவிட்டால் மறுநாளும் வந்து, தின்றுவிட்டுக் கூண்டிலேயே காலை மடக்கி உட்கார்ந்துகொள்வாள். "இவ வாடகைக்கே வந்துட்டா போல கீதே" என்று அம்சாவுக்குச் சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது. ஒவ்வொரு காலையும் கூண்டைத் திறந்து, "போடியம்மா, உன்னை நான் ஒண்ணும் கேக்கலை" என்று விடுவேன்.

எட்டாம் நாள் ஒரு குட்டி. பத்தாம் நாள் இன்னொன்று. கூண்டுக்குள் பலகையை மெல்லத் தள்ளி, குட்டியை ஒரு பக்கமாக ஒதுக்கி, கம்பி வழியாக டாக்டர் ஊசி போட்டார். முதல் குட்டி பெட்டை. இரண்டாவது கடுவன். இரண்டு முறையும் பலகையைப் பிடித்திருந்தது நான். இரண்டு முறையும் டாக்டர், "போடலாமா மேடம்?" என்று என்னைக் கேட்டார். "போடுங்க சார்" என்றேன். மூன்றாவது குட்டி வரவே இல்லை.

அப்புறம் காலனிப் பூனைகளுக்கு வருடா வருடம் ஊசி, கருத்தடை. இந்த முறை ஒவ்வொரு கூண்டையும் நான் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வண்டியில் ஏறும். தணிகாசலம் சார் மாறுதலில் மலைக்கே திரும்பிப் போனார். காது வெட்டுப்பட்டவள் இன்னும் நான்கு வருடம் இருந்தாள். ஊசி போட்ட பெட்டைக் குட்டி வளர்ந்து பெரியவளானாள். ஆனால் குட்டி போடவில்லை. மிச்சமிருந்த கிழக் கடுவனும் காணாமல் போன பிறகு, காட்டில் இருந்த ஒரே கடுவன் அவள் தம்பிதான். அவ்வளவுதான், இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் கேமராவில் ஒரு புதுக் கடுவன் விழுந்தது. முரட்டுத் தலை, ஒரு கண் ஓரத்தில் காயம். அந்த ரோட்டையும் சுவரையும் எப்படித் தாண்டியது என்று இன்று வரை தெரியாது. திருநீர்மலைப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டது பலித்தது என்று மலையேறிப் போய்த் துளசி மாலை சாற்றிவிட்டு வந்தேன்.

அந்த வைகாசியில் குட்டை இரண்டும் வற்றிப்போயின. ஒரு காலை, ஆறரை மணி இருக்கும், வேலிக்கு வெளியே ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தேன். எனக்கு முப்பதடி முன்னால் அவள், ஊசி போட்டு வளர்ந்த அந்தப் பெட்டை, வேலிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். வாயில் ஒரு குட்டி தொங்கியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏரியில் தண்ணீர் இருந்தது. எதிரில் தாம்பரம் பஸ் வந்துகொண்டிருந்தது.

நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. நடுரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டேன். பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"இன்னாம்மா, வூட்ல சொல்லிகினு வந்தியா?" டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். பின்னால் ஒரே ஹாரன்.

பஸ்ஸிலிருந்து அன்னக்கூடையோடு அம்சா இறங்கினாள். என்னைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். கூடையை அப்படியே ரோட்டில் வைத்துவிட்டு எதிர்ப் பக்க வண்டிகளுக்கு நேராகப் போய் நின்றாள். "ஹாரன் அடிச்சா மவனே கூடையோட மேல ஊத்திடுவேன்!" ஹாரன் நின்றது.

பெட்டை குட்டியோடு நடந்தாள். ஓடவில்லை. நடுச் சுவரில் இடைவெளி விட்ட இடத்தைத் தெரிந்து வைத்திருந்தாள். அந்தப் பக்கம் கோரைக்குள் போனாள். ஒரு நிமிடம் கழித்து வெறும் வாயோடு திரும்பி வந்தாள். வேலிக்குள் போய் இரண்டாவது குட்டியோடு வந்தாள். பஸ்ஸில் எல்லாரும் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். மூன்றாவதைக் கொண்டு போனபோதும் என் கை இரண்டும் விரித்தபடியே இருந்தன, இறக்கத் தோன்றவில்லை.

மறுபடி திரும்பி வந்து வேலிக்கு அடியில் புகுந்தாள்.

கண்டக்டர் படியில் நின்றபடி மெதுவாகக் கேட்டார். "எத்தினி குட்டிம்மா? அவ்ளோதானா, இன்னும் கீதா?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் காட்டில் எண்ணிக்கொண்டே இருந்தவள் நான்.

"தெரியலப்பா" என்றேன். "கொஞ்சம் நில்லுங்க."

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.